அறுபத்து நான்காவது அட்டை

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் இது நடந்தது. பசறை ஊர்க்காரன் றுஷாந்தன் இதைச் சொல்லித் திரிகிற ஆள் இல்லை. கேட்டால் எழுந்து போய்விடுவான். அவன் வாயைத் திறக்க வைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

பதுளையில் அடையாள அட்டை அச்சிடும் ஒரு கடையில் அவனுக்கு வேலை. லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான இரண்டு லயங்கள் மண்ணுக்குள் போயின. பதினோராம் நாள், முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்துக்கு அவனைப் பிரிண்டரோடு அனுப்பினார்கள். தப்பிய அறுபத்து மூன்று பேருக்கும் நிவாரண அட்டை அச்சிட வேண்டும். அவனிடம் கொடுத்தது அறுபத்து நான்கு வெற்று அட்டைகள். ஒவ்வொன்றிலும் மினுங்கும் முத்திரை, அதற்குள் ஓர் எண். ஒன்று குறைந்தாலும் அவன் தலைதான் உருளும்.

காலையிலேயே, தப்பியவர்களில் ஒருவரான அழகையா வந்து நின்றார். மகள் தயானி இன்னும் மண்ணுக்குள். அவளுக்குப் பிறப்புப் பதிவு இல்லை, அடையாள அட்டை இல்லை, ஒரு படம்கூட இல்லை. காணாமல் போனோர் பட்டியலில் இருந்த ஒன்பது பேரின் உடல்களும் கிடைத்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

"எம் மகளுக்கும் ஒரு கார்ட் போடுங்க தம்பி. பேரு இருந்தாத்தான் தோண்டுவாங்களாம்."

"பட்டியல்ல இல்லாத பேருக்குப் போட முடியாதுங்க ஐயா."

அவர் வெளியே போய் மழையில் நின்றார். றுஷாந்தன் வேலையைப் பார்த்தான்.

பிற்பகல் 3.10க்கு அறுபத்து மூன்றாவது அட்டை முடிந்தது. பிரிண்டர் வயரைப் பிடுங்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். 3.17க்குத் திரும்பி வந்தான்.

க்ர்ர்ர்... டக்.

வயர் தரையில்தான் கிடந்தது. பிரிண்டரைத் தொட்டான். சுட்டது.

மிஞ்சியிருந்த அட்டையைக் காணோம். மேசைக்கடியில் பார்த்தான். பையைக் கவிழ்த்தான். இல்லை.

அச்சிட்டு முடிந்த மை ரிப்பனில் ஒவ்வொருவர் முகமும் பெயரும் வெளிறித் தங்கிவிடும். யாரும் எடுத்துப் போலி அட்டை செய்துவிடாமல், வேலை முடிந்ததும் அதை வெட்டிப் போட வேண்டும். ரிப்பனை உருவி எண்ணினான்.

அறுபத்தொன்று... அறுபத்திரண்டு... அறுபத்து மூன்று...

இன்னும் ஒன்று இருந்தது.

ஒரு பெண். கண்கள் மூடியிருந்தன.

கீழே பெயர்.

அழகையா தயானி.

ஜன்னலுக்கு வெளியே அழகையா நின்றார். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பயம்.

கத்தரியை எடுத்தான்.

நெற்றியிலிருந்து தாடைவரை... ஒரே வெட்டு.

அட்டை தொலைந்ததற்காக அவன் வேலை போனது. இரண்டு மாதம் கழித்து மறுபடி மழை. மண் சரிந்து ஓர் உடல் வெளியே வந்தது. மலை விழுந்த அன்றே இறந்தவள் என்று டாக்டர் எழுதினார். மூடிய கைக்குள் ஓர் அட்டை இருந்தது. தொலைந்த அதே எண். அதை வைத்துத்தான் இறந்தோர் பட்டியலில் பத்தாவது பெயராகத் தயானியைப் பதிந்தார்கள்.

அழகையா அந்த அட்டையோடு பசறைக்குத் தேடி வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"முடியாதுன்னு சொல்லிட்டுப் போட்டுக் குடுத்திருக்கீங்களே தம்பி."

றுஷாந்தன் வாங்கிப் பார்த்தான்.

நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு வெட்டு. ரிப்பனில் மூடியிருந்த கண்கள், அட்டையில் திறந்திருந்தன.