சாம்பார் கொட்டிய கால்

வடக்கே வேறொரு மாநிலத்தில் இருக்கும் அணுமின் நிலையம் ஒன்றில் நான் ஒப்பந்தக் கம்பெனி ஆளாக வேலை பார்த்தேன். வருஷம் பூராவும் இல்லை. உலையை நிறுத்திவைத்துப் பராமரிப்பு வேலை பார்க்கும் காலத்தை ஷட்டவுன் என்பார்கள். அப்போது மட்டும் எங்களைப் போன்றவர்களை ரயிலேற்றிக் கூட்டிப்போவார்கள். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன். பைப்பைக் கழற்றுவது, வால்வைச் சரிபார்ப்பது, திரும்ப மாட்டுவது என் வேலை. முடிந்ததும் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி, அடுத்த அழைப்பு வரும்வரை கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருப்பேன்.

உண்மை பேசு, உண்மை பேசு என்று அந்த நிலையத்தைப்போல ஆளைப் பிடுங்கியெடுக்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கேட்டில் நுழைந்தால் போர்டு. கேண்டீனில் போர்டு. கழிப்பறைக் கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, இன்னொரு போர்டு. ஆபத்து எதைக் கண்டாலும் உடனே சொல்லுங்கள், சிறியது என்று விட்டுவிடாதீர்கள், சொல்பவருக்கு எந்தத் தொந்தரவும் வராது. கீழே ஒரு போன் நம்பர். காலையில் வேலைக்குப் போகுமுன் எங்களை வெயிலில் நிறுத்தி, கையை நீட்டச்சொல்லி, இதையே உறுதிமொழியாகவும் சொல்லவைப்பார்கள். பாஷை புரியாதவர்கள் வாயை மட்டும் அசைப்போம்.

சொன்னால் என்ன ஆகும் என்று போர்டில் இருக்காது. பழைய ஆட்கள்தான் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவன் வழுக்கி விழுந்தான் என்று பதிவானால் அந்த இடத்தில் வேலை நிற்கும். விசாரணை வரும். கம்பெனியின் பாதுகாப்பு மார்க் குறையும். அடுத்த ஷட்டவுனுக்கு வேறு கம்பெனி வந்துவிடும். ஆகையால் எங்கள் கம்பெனியில் யாரும் வழுக்கி விழுந்ததில்லை. விரல் நசுங்கியவன் ரூமில் கதவிடுக்கில் நசுக்கிக்கொண்டவன். முதுகு பிடித்துக்கொண்டவன் ஊரிலிருந்தே முதுகுவலியோடு வந்தவன். இப்படிப்பட்ட நற்குணங்களுக்காக எங்கள் கம்பெனிக்கு வருஷாவருஷம் ஒரு கேடயம் கொடுப்பார்கள். அதை ஆபீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள்.

எங்கள் சைட் மேனேஜர் ராயகிரிக்காரர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நம்ம பக்கத்துப் பையன் என்று சொல்லி என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அந்த ஊரில் வாயைத் திறந்தால் நம்ம ஊர்த் தமிழ் வருகிற ஒரே மனிதர் என்பதால் அவர்மேல் எனக்குப் பிரியம்கூட இருந்தது.

அன்றைக்கு டர்பைன் இருக்கும் கட்டடத்தில் ஒரு பைப்பைத் திறக்கச் சொன்னார்கள். உலை இருக்கும் கட்டடம் வேறு, இது வேறு. இங்கே ஓடுவது வெறும் கொதிநீரும் நீராவியும். பின்னால் நடந்த கூத்து புரிவதற்காக இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். தண்ணீர் வரும் பக்கத்து வால்வு மூடியாகிவிட்டது, தண்ணீரை வடித்தாகிவிட்டது, வேலை பார்க்கலாம் என்று ஒரு அட்டை தொங்கியது. அட்டையில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தண்ணீர் அந்த அட்டையைப் படிக்கவில்லை. போல்ட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போது இணைப்பு வாய்விட்டு, கொதிநீர் பீய்ச்சி என் இடது காலில் அடித்தது. முழங்காலுக்குக் கீழே பேண்ட்டோடு வெந்து, பூட்ஸுக்குள்ளும் இறங்கிவிட்டது. கூட இருந்தவன் என்னை இழுத்துப்போட்டான். நான் கத்தினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

நிலையத்துக்குள்ளேயே நல்ல ஆஸ்பத்திரி உண்டு. தீப்புண்ணுக்குத் தனி அறையே வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே போனால் பதிவாகிவிடும். எனவே மேனேஜர் என்னைத் தன் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, டவுனை நோக்கி ஓட்டினார். ஜன்னல் வழியே சிவப்புச் சிலுவை கடந்துபோவதைப் பார்த்தேன்.

"தம்பி, பயப்படாதீரும். மெஸ்ஸுல சாம்பார் அண்டா சரிஞ்சிட்டு. வெளங்குதா?" என்றார்.

"மெஸ்ஸுல எனக்கு என்ன வேலை அண்ணாச்சி?"

"சாப்பிடப் போனீரு. வரிசையில நின்னீரு. அண்டா சரிஞ்சிட்டு."

"சாம்பார் எப்படி பூட்ஸுக்குள்ள போச்சு?"

"வலியில உமக்குப் பேச்சு சாஸ்தியா வருது. கண்ணை மூடிக்கிட்டுப் படும்," என்றார்.

அந்த மெஸ்ஸில் அன்றைக்குச் சாம்பாரே கிடையாது. ராஜ்மா. ஆனால் ராஜ்மா கொட்டியது என்றால் ஊரில் எவனுக்கும் புரியாது என்று அவர் யோசித்திருக்க வேண்டும். டவுனில் மூலத்துக்கும் மூக்கடைப்புக்கும் ஒரே அறையில் வைத்தியம் பார்க்கும் ஒரு கிளினிக்கில் என்னைச் சேர்த்தார். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். காய்ச்சல் விட்டதும் ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். அதுவும் ஏ.சி. கோச்சில். என் வாழ்நாளில் முதல்முறை.

என் மனைவி மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஸ்டேஷனுக்கு ஆட்டோ கொண்டுவந்திருந்தாள். போனில் நான் அவளிடமும் சாம்பார் என்றே சொல்லிவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தவள் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது சாம்பார் இல்ல," என்றாள். "அண்டா சரிஞ்சா மேல இருந்து வழியும். இது பக்கவாட்டுல அடிச்சிருக்கு. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

சொன்னேன். மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "போன வருசம் எங்க சமையல்காரம்மா கையில சோத்துக்கஞ்சி பட்டுச்சு. கொப்புளம் இம்புட்டுதான். அன்னைக்கே ஒன்றிய ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் ஜீப்புல வந்து அடுப்பப் பாத்து, அண்டாவத் தூக்கிப் பாத்து, எங்கிட்ட விளக்கம் எழுதி வாங்கிட்டுப் போனாங்க. நீங்க அணு உலையில வேலை பாக்கிய, ஒங்களுக்கு..." என்றாள். கடைசி வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

ஊரில் சாம்பார் எடுபடவில்லை. அணு உலைக்குப் போனவன் காலில் கட்டோடு ஏ.சி. கோச்சில் வந்து இறங்கினால் சங்கரன்கோவிலில் அதைச் சாம்பார் என்று நம்ப யாரும் தயாராக இல்லை. சாதாரணக் காயமென்றால் கம்பெனிக்காரன் ஏ.சி.யில் அனுப்புவானா என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். ஒரே வாரத்தில் என் உடம்பில் கதிர்வீச்சு ஏறிவிட்டது. எதிர்வீட்டு ரிட்டயர்டு தாலுகா ஆபீஸ் அண்ணாச்சி பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று, கர்ச்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "உள்ள வரலாமா தம்பி, இல்ல இங்கன இருந்தே பேசட்டுமா?" என்று கேட்டார்.

"கொதிதண்ணி பட்டது அண்ணாச்சி. மூக்கு வழியா ஒண்ணும் வராது."

"சாம்பார்னுல்லா சொன்னாவ?"

பொய்யைப் பாதி மாற்றியதும் மிச்ச உண்மையும் போயிற்று. சாம்பார், பிறகு வெந்நீர், அப்படியானால் உள்ளே வேறென்னவோ என்று அவர் முடிவுகட்டிக்கொண்டு போய்விட்டார். முடிவெட்டப் போன இடத்தில் எனக்குப் போர்த்திய துணியைத் தனியாக மடித்து வைத்தார்கள். என் மகளோடு படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு விளையாட வருவது நின்றது. அவள் ஒருநாள், "அப்பா, உங்க கால் ராத்திரியில மின்னுமா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வெந்நீர் பட்ட ஒரு காலை மறைக்கப்போய், கசியாத கதிர்வீச்சை எங்கள் தெரு முழுக்கக் கசியவிட்ட புத்திசாலிகளை நினைத்தால் எனக்குக் காலைவிட வயிறுதான் எரிந்தது. மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, வீணாகப் பயப்படுகிறார்கள் என்று இந்தப் பெரிய மனிதர்கள்தான் மேடை மேடையாகப் பேசுவார்கள்.

மேனேஜர் விடுமுறைக்கு ராயகிரி வந்தபோது என்னைப் பார்க்க வந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார். கால் நன்றாக ஆறிவருகிறது என்று, பார்க்காமலே சொன்னார். மனைவி காப்பி கொடுத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த வால்வச் சரிபண்ணிட்டாங்களா அண்ணாச்சி?"

"எந்த வால்வும்மா?"

"இவுக கால்ல தண்ணி விட்ட வால்வு."

அவர் சிரித்தார். "அது அப்படியெல்லாம் கேக்க முடியாது தங்கச்சி. கேட்டா ஏன் கேக்கேன்னு கேப்பாவ."

"அப்ப நாளைக்கு இன்னொருத்தர் வந்து அதே எடத்துல கழட்டுவாரு."

"இது ஒங்க சத்துணவு மாதிரி இல்லம்மா. அணுசக்தி. ஆயிரம் பாதுகாப்பு இருக்கு."

"அதான் கேக்கேன். பல்லி விழுந்தா நாங்க கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் பதில் சொல்லணும். ஒங்களுக்கு யாரு கேக்கா?"

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அதற்குமேல் ஆற்ற அதில் சூடு இல்லை. கிளம்பும்போது வாசலில் என்னிடம், "வீட்டுல கொஞ்சம் சொல்லிவையும். அடுத்த ஷட்டவுனுக்கு உம்ம பேரைத்தான் மொதல்ல குடுத்திருக்கேன்," என்றார். அது கரிசனமா மிரட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

அவர் போனதும் போனை எடுத்தேன். நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. கழிப்பறைக் கதவில் தினமும் பார்த்தது மனப்பாடமாகியிருந்தது. மறுமுனையில் எடுத்தவருக்கு முதலில் நான் ஏதோ தவறான இடத்துக்குக் கூப்பிட்டுவிட்டேன் என்றே தோன்றியது. அந்த எண்ணில் யாராவது உண்மையாகவே கூப்பிடுவார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் இந்தியிலும் நடந்ததைச் சொன்னேன்.

சில வாரம் கழித்து வீடியோ காலில் விசாரணை. என் வீட்டு நாற்காலியில் நான். அந்தப் பக்கம் நீளமான மேஜை, தண்ணீர்ப் பாட்டில்கள், நடுவில் நிலையத்தின் அதிகாரி. நல்ல மரியாதையான மனிதர். மேஜையின் ஓரத்தில் எங்கள் மேனேஜர், பாதி முகம் மட்டும் தெரியும்படி.

"ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தீர்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"கம்பெனி கொடுத்தது தோல் பூட்ஸ் சார்."

"திறப்பதற்கு முன்னால் பைப் சூடாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா?"

"தண்ணீர் இல்லை என்று அட்டை இருந்தது."

"அட்டையை மட்டும் நம்பினீர்கள்."

"நம்புவதற்குத்தானே சார் அட்டை."

அவர் குறித்துக்கொண்டார். பிறகு, "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்றார். நான் மேஜையின் ஓரத்தைப் பார்த்தேன். பாதி முகமும் திரையை விட்டு நகர்ந்துபோயிருந்தது.

"என்னை டவுனுக்குக் கொண்டுபோனவர் உங்கள் பக்கத்தில்தான் சார் இருக்கிறார். அவரைக் கேளுங்கள்," என்றேன். அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்கள்.

முடிவை என்னோடு வேலை பார்த்தவன், என்னை இழுத்துப்போட்டவன், போனில் சொன்னான். காலைக் கூட்டத்தில் வாசித்தார்களாம். விபத்து நேராமல் மயிரிழையில் தப்பிய சம்பவம் என்று அதை வகைப்படுத்தியிருந்தார்கள். ஏனென்றால் நிலையத்து ஆஸ்பத்திரியில் அன்றைய தேதியில் யாரும் சேரவில்லை. யாரும் சேரவில்லை என்றால் யாருக்கும் காயமில்லை. காயமில்லை என்றால் தப்பியாயிற்று. என் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இதைக் கேட்டேன். தோல் இன்னும் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

"வேற என்ன வாசிச்சாவ?" என்று கேட்டேன்.

"அந்த வால்வ மாத்திட்டாங்க. இனிமே எந்தப் பைப்பையும் தொறக்கறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டவன் பக்கத்துல நிக்கணுமாம். வடியுறதக் கண்ணால பாக்கணுமாம்," என்றான்.

அது நல்ல காரியம். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அவர்களைப் போலத்தான். மனைவியிடம் சொன்னபோது, "அது போதும், இன்னொரு காலாவது தப்பிச்சுது," என்றாள். எனக்குப் போதவில்லை. இப்போதும் போதவில்லை.

அடுத்த ஷட்டவுனுக்கு என்னைக் கூப்பிடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. இப்போது ஊருக்கு வெளியே காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். உயரம் ஏற இடது கால் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், சமாளித்துக்கொள்கிறேன். எதிர்வீட்டு அண்ணாச்சி இப்போது உள்ளே வந்து உட்காருகிறார். பயம் போனதற்குக் காரணம் எதுவும் கிடையாது. வந்ததுபோலவே போய்விட்டது.

இந்த வருஷம் பாதுகாப்பு வாரம் வந்தபோது மேனேஜர் போன் செய்தார். நிலையத்தில் பெரிய கூட்டம் வைக்கிறார்களாம். பயப்படாமல் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி ஒரு தொழிலாளி மேடையில் பேசினால் நன்றாயிருக்கும் என்று மேலிடத்தில் நினைக்கிறார்களாம். அவர் என் பேரைச் சொல்லியிருக்கிறாராம்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லலாமா அண்ணாச்சி?"

"பொதுவா ஒரு சம்பவம்னு சொல்லும். தண்ணி, கால் அதெல்லாம் எதுக்கு?"

"கார்ல டவுனுக்குப் போனத?"

"தம்பி, அஞ்சு நிமிசம்தான் பேச்சு. கூட்டம் முடிஞ்சதும் சால்வை போடுவாவ."

வரவில்லை என்றேன். அவருக்கு உண்மையாகவே வருத்தம். எனக்கு நல்லது செய்ய நினைத்ததாகவே அவர் நம்பியிருந்தார். பிறகு வேறு ஆள் கிடைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பையன், பைப்பையே தொட்டதில்லை. ரொம்ப நன்றாகப் பேசினானாம். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.