இடது கை வளையல்கள்

காலை மணி ஏழு இருபது. வார்டு கதவைத் தள்ளியதும் நான் முதலில் பார்த்தது அக்காவின் இடது கையை. மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக நீல மையால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். தோலுக்கு அடியில் நரம்பு எப்படி வளைந்ததோ அப்படியே கோடும் வளைந்து போனது. மணிக்கட்டில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு. வெட்டப் போவது அங்கே.

"பாத்தியா தம்பி, உங்க அத்தான் ஆபீஸ் மேப் மாதிரி போட்டு வச்சிருக்காங்க" என்றாள்.

அத்தானுக்கு ரயில்வேயில் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தார்கள். கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அவர் சிரிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிவிட்டன என்று அதற்கு முந்தைய மாதம்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாளில் டயாலிசிஸ் தொடங்கியாக வேண்டும். அதற்குக் கையைத் தயார் செய்யத்தான் இந்த அறுவை.

சர்ஜன் ஒரு சீனர். மலாயும் ஆங்கிலமும் கலந்து நிதானமாகச் சொன்னார். இயந்திரத்துக்கு ரத்தம் வேகமாகப் போக வேண்டும். சாதாரண நரம்பு அதைத் தாங்காது. மணிக்கட்டில் நாடி பார்க்கிறோமே, அந்த ரத்தக்குழாயை அறுத்துப் பக்கத்து நரம்போடு சேர்த்துத் தைத்துவிட்டால், இதயத்திலிருந்து வரும் ரத்தம் நேரே நரம்புக்குள் பாயும். நரம்பு தடித்துப் பருத்து, ஆறு வாரத்தில் ஊசி தாங்கும் கையாகிவிடும். கழுத்தில் குழாய் வைத்தும் செய்யலாம். ஆனால் அதில் கிருமி போகும், ரொம்ப நாள் ஓடாது என்றார்.

மயக்க மருந்து கொடுக்கவில்லை. கையை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முழு நேரமும் அக்கா விழித்திருந்தாள். வெளியே கொண்டுவந்தபோது, "தையல் போடறப்ப ரேடியோவுல மலாய்ப் பாட்டு கேட்டுக்கிட்டிருந்தாங்க" என்றாள்.

மாலையில் சர்ஜன் வந்து கட்டைச் சற்று விலக்கி, என் விரலைப் பிடித்துக் காயத்துக்கு மேலே வைத்தார். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். நாடித்துடிப்பு விட்டுவிட்டு வரும். இது விடவேயில்லை. தையல் மெஷின் ஓடும்போது அதன் பலகையில் கை வைத்தது போல, தோலுக்கு அடியில் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு மனித உடம்பில் அப்படி ஒன்றை நான் தொட்டதில்லை.

"நல்லது. ஓடுகிறது" என்றார் சர்ஜன்.

தமிழ் நர்ஸ் ஒருத்தி அக்காவிடம் விளக்கினாள். "அக்கா, காலையில எந்திரிச்சதும் தொட்டுப் பாக்கணும். இந்த அதிர்வு இருந்தா ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். நின்னுபோச்சுன்னா ஒடனே ஓடி வரணும். இந்தக் கையில பிரஷர் பாக்க விடாதீங்க, ரத்தம் எடுக்க விடாதீங்க, பாரம் தூக்காதீங்க. கடிகாரம், வளையல், இறுக்கமா எதுவும் வேணாம். நல்லா ஜாகா பண்ணிக்குங்க லா, பத்திரமா பாத்துக்கணும், இதான் உங்க உயிரு."

அக்கா தலையாட்டினாள். கைக்கடிகாரம் அன்றே வலது கைக்கு மாறியது. வீட்டுக்கு வந்ததும் ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டு, பாடத் திட்டம் எழுதும் நேரத்தில்கூட இடது கையால் பிசைந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லவில்லை. அவள் மகளுக்குக் கிள்ளானில் ஒரு நல்ல இடம் பேசி முடிகிற நிலையில் இருந்தது. தாய்க்குக் கிட்னி போனது என்றால் பெண்ணுக்கும் வரும் என்பார்கள். அத்தானின் சொந்த அக்காவுக்குக்கூடத் தெரியாது. மேருவில் இருந்த அந்த அம்மாவின் வாய், கிள்ளான் பாசார் சந்தைவரை போகும் என்பது அக்காவின் கணக்கு. முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டாள்.

அறுவை முடிந்த மூன்றாவது வாரத்தில் ஒரு வளைகாப்பு வந்தது. மேருவில் அந்த அம்மாவின் வீட்டில், அவருடைய மருமகளுக்கு. அக்கா மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாயையும் அழைத்திருந்தார்கள். அதனால் அக்கா போகாமல் இருக்க முடியவில்லை. அத்தான், அக்கா, மகள், நான் நால்வரும் அத்தானின் காரில் போனோம்.

ஆண்கள் வெளியே கூடாரத்தின் கீழ் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. கர்ப்பிணிப் பெண்ணின் இரண்டு கைகளும் முழங்கைவரை பச்சையும் சிவப்புமாக நிறைந்திருந்தன. அது முடிந்ததும் வழக்கப்படி, வந்த சுமங்கலிகளுக்கு வளையல் போடத் தொடங்கினார்கள். அத்தானின் அக்கா ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரையோடு ஒவ்வொருவரிடமாக வந்தார்.

அக்கா வலது கையை நீட்டினாள். வளையல்கள் ஏறின. கையை இழுத்துக்கொண்டாள்.

"அடுத்த கை எங்க டீச்சரம்மா? கோயிலுக்குக் குடுத்துட்டியா?"

"போதும் அண்ணி. அந்தக் கையில எண்ணெ தெறிச்சு புண்ணாயிருக்கு."

"எப்ப தெறிச்சுச்சு? என் தம்பி சொல்லவே இல்லயே. காட்டு பாப்போம்."

"ஆறிக்கிட்டு வருது. வேணாம்."

"ஒத்தக் கையில வளையல் போட்டுக்கிட்டு எந்திரிக்கிறது எந்த ஊரு வழக்கம்? என் தம்பி குத்துக்கல்லாட்டம் வெளியில ஒக்காந்திருக்கான். மூளியா கைய வச்சுக்கிட்டுப் போவியா?"

பெண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் சிரிக்கவில்லை. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலருகே போனேன். அக்கா என்னைப் பார்த்தாள். பேசாதே என்று தலையை மிக மெதுவாக அசைத்தாள். பிறகு அவளே ரவிக்கைக் கையைச் சுருட்டி, இடது கையை நீட்டினாள்.

தழும்பைப் பார்த்த அந்த அம்மா, "இவ்ளோ சின்னப் புண்ணுக்கா இந்த அலட்டு" என்றார். விரல்களைக் குவித்துப் பிசைந்து, சோப்பைத் தடவி, வளையல்களை ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றினார். அக்காவின் கை அப்போதே லேசாக நீர் கோத்திருந்தது. மணிக்கட்டைத் தாண்டியதும் வளையல்கள் ஆடவில்லை. பிடித்துக்கொண்டு நின்றன.

திரும்பி வரும்போது காரில் மகள்தான் முதலில் பேசினாள். "அம்மா, கழட்டுங்க." அக்கா கழற்றப் பார்த்தாள். வரவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வந்ததும் குழாயடியில் சோப்புப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள். விரல்கள் வீங்கியதுதான் மிச்சம்.

"ஒடச்சிடு" என்றார் அத்தான்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா சொல்றீங்க?"

"கண்ணாடி வளையல்தானே. ஒடச்சிடு."

"நீங்க எதிர்ல நிக்கிறப்ப நான் கை வளையல ஒடைக்கிறதா? எந்தப் பொம்பளைங்க ஒடைக்கிறாங்கன்னு தெரியுமில்ல?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

தொழிற்சங்கக் கூட்டங்களில் மூடநம்பிக்கையைக் கிழித்துப் பேசுகிறவர் அத்தான். அன்று குழாயை மூடிவிட்டுச் சோப்பை எடுத்து வைத்தார். அக்கா என் விரலை எடுத்து வளையல்களுக்குச் சற்று மேலே வைத்தாள். அதிர்வு இருந்தது. மெலிந்திருந்தது என்று சொன்னேன். "இருக்குல்ல" என்றாள் அவள். காலையில் வீக்கம் வடிந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டுக் கழற்றிவிடலாம் என்று படுக்கப் போய்விட்டாள். நான் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டேன்.

காலையில் அவள் கூப்பிட்ட குரலில் பதற்றமே இல்லை. "தம்பி, எனக்குத் தெரியல. நீ பாரு."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கையை மடிமேல் வைத்திருந்தாள். விரலை வைத்தேன். இடம் தவறியிருக்கும் என்று கொஞ்சம் மேலே வைத்தேன், கொஞ்சம் கீழே வைத்தேன். நரம்பு கயிறு போல இறுகிக் கிடந்தது. தையல் மெஷினை யாரோ நிறுத்திவிட்டார்கள். நான் காதை வைத்துக் கேட்டேன். வளையல் என் கன்னத்தில் குளிர்ந்தது. வெளியே ரயில் போன சத்தம் மட்டும் கேட்டது. உயிரோடு என் எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் உடம்பில் அத்தனை அமைதி எப்படி இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

மருத்துவமனையில் அதே நர்ஸ் இருந்தாள். வளையல்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. துணியைச் சுற்றி, ஒரு குறட்டால் ஒவ்வொன்றாக நெரித்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அத்தானை வெளியே போகச் சொன்னாள். அவர் போகவில்லை.

சர்ஜன் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டார். ரத்தம் உறைந்துவிட்டது என்றார். அன்றே திறந்து உறைந்ததை எடுத்துப் பார்த்தார், ஓடவில்லை. முழங்கைப் பக்கத்து நரம்புகள், நோய் தெரிந்தபோது ஏற்றிய ஊசிகளால் முன்பே கெட்டிருந்தன. இடது கையில் இனி இடமில்லை.

"எப்படி நடந்தது?" என்று சர்ஜன் ஆங்கிலத்தில் கேட்டார். அத்தான் வளைகாப்பை விளக்கத் தொடங்கினார். பாதியில், "சடங்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சர்ஜன் குறித்துக்கொண்டு, வலது கையைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் வளையல்கள் இருந்தன.

"போர்டுல எழுதற கை டாக்டர்" என்றாள் அக்கா தமிழில். நர்ஸ் அதை மொழிபெயர்த்தாள். எழுதலாம், ஆனால் இதுவும் போனால் அடுத்தது சுலபமில்லை என்று சர்ஜன் சொன்னார். நர்ஸ் குறட்டை எடுத்தாள்.

"குடும்மா" என்று அத்தான் நர்ஸிடம் கையை நீட்டினார்.

அக்கா ஏதோ சொல்ல வந்தாள். அவர் அவளைப் பார்க்காமல், துணியைச் சுற்றி, முதல் வளையலை நெரித்தார்.

வலது கையில் அறுவை வெள்ளிக்கிழமை நடந்தது. அந்த நரம்பு தயாராகும் முன்பே டயாலிசிஸ் தொடங்க வேண்டியதாயிற்று. கழுத்தில் குழாய் வைத்தார்கள்.