தபசு காலத்துப் பத்தியம்

தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது குளிக்கும்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. வலது பக்கம், சுண்டைக்காய் அளவு. அழுத்தினால் வலித்தது. அதற்கு முந்திய வாரம் கிளிஞ்சல் குத்தி என் வலது குதிகாலில் புண் ஆகியிருந்தது. காலில் புண் இருந்தால் நெறி கட்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும். ஆனாலும் ஈரத் துணியோடு நின்றபடியே, வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் பயந்தது கிரந்திக்கு (ஆண் பெண் சேர்க்கையால் தொற்றும் மேகநோய், முதலில் ஒரு புண், பிறகு உடம்பெல்லாம் படை, கவனிக்காமல் விட்டால் எலும்பையும் மூளையையும் அரிக்கும்). பறங்கிப்புண் என்றும் இதற்குப் பெயர் உண்டு. பிரெஞ்சுப் பறங்கிக்காரன் ஆளுகிற எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது இதே பயத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வது) செய்ய அல்ல. அதைக் கோயிலில் செய்து முடித்தாயிற்று.

நான் விதவை. என் புருஷன் பட்டாளத்தில் இருந்து, சைகோனில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார். அதன்பிறகு உப்பளம் என்கிற பேட்டையில் என் தங்கை மதலேன் வீட்டில் இருந்துகொண்டு, வெள்ளைக்கார வீட்டம்மாக்களுக்கு கவுன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மதலேன் அப்போது முழுகாமல் இருந்தாள். கலியாணமாகி வெகு காலம் ஏங்கி, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்டபின் உண்டான பிள்ளை. அதற்கு ஞானத்தாயாக இருந்து ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தப்போவது நான்தான் என்று வயிறு தெரிவதற்கு முன்பே பேசி வைத்திருந்தோம்.

எனக்கு இந்தப் பயத்தை வைத்துவிட்டுப் போன ஆள் கப்பலில் பரிமாறுகிற வேலை பார்ப்பவன். சைகோனில் இருக்கும் என் கொழுந்தன் கொடுத்தனுப்பிய துணிப் பொட்டலத்தோடு வந்தான். மதலேனும் அவள் வீட்டுக்காரரும் பிள்ளைச்சாவடியில் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். நல்ல பேச்சுக்காரன், சிரிக்கச் சிரிக்கப் பேசினான். அத்தனை வருஷம் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. நடந்தது எனக்கும் பிடித்துத்தான் நடந்தது.

பிறகு அவன் சட்டையை மாட்டும்போது முழங்கை மடிப்பில் ஊசித் தழும்புகளைப் பார்த்தேன்.

"என்னா அது?"

"சைகோன்ல ஊசி போட்டாங்க. ஆம்பளைங்களுக்கு வர்றதுதான்."

"என்னா வர்றது?"

"மேகம். அதெல்லாம் தீந்துபோச்சு, பயப்படாத."

சொல்லிவிட்டு என் சீப்பையே எடுத்துத் தலை வாரிக்கொண்டான். முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை, தலை வாரிக்கொண்டே பின்னால் சொன்ன அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வாரமே கப்பல் போய்விட்டது. தீர்ந்துபோயிற்று என்று எந்த டாக்டர் சொன்னார், எப்போது சொன்னார் என்று கேட்க ஆள் இல்லை.

நெறியைக் கண்ட மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாளே போயிருக்கக் கூடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. வாசலில் சீட்டு எழுதுகிறவரிடம், குரலைத் தாழ்த்தி இன்ன நோய் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"பொம்பளைங்களுக்கு அந்தச் சீக்கு வெள்ளிக்கிழமைதான் பாப்பாங்க. கார்டுக்காரிங்க வர்ற நாள்ல வா."

கார்டுக்காரி என்றால் உடம்பை விற்றுப் பிழைப்பதற்குப் போலீசில் பெயர் பதிந்து, முறை வைத்துப் பரிசோதனைக்கு வரவேண்டிய பெண். அவர்களோடு அந்தப் பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்தால் போதும், சாயங்காலத்துக்குள் உப்பளம் முழுக்கத் தெரிந்துவிடும். திரும்பி நடந்தேன். வழியெல்லாம் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

நேராகப் பெரிய கடைச் சந்தைப் பக்கம் ஒரு நாட்டு வைத்தியரிடம் போனேன். நாத்தனாருக்கு என்று பொய் சொன்னேன். அந்த நாத்தனாரை அழைத்து வரச் சொல்லவில்லை. நாடி பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. மேகத்துக்கு ரசம்தான் (பாதரசம்) என்று உருண்டைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

"பனைவெல்லத்துல வெச்சு முழுங்கச் சொல்லு. உப்பு, புளி, மீனு மூணும் ஆவாது. பத்தியம் தப்புனா மருந்தே வெஷம்" என்றார்.

பத்தியம்தான் தலைவலி. ஒரு பெண்பிள்ளை திடீரென்று உப்பும் புளியும் தள்ளிச் சாப்பிட்டால் என்ன நோய்க்கு என்ன மருந்து என்று எங்கள் தெருவில் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் அந்த வாரம் விபூதிப் புதன் வந்தது. தபசு காலம் (பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு முந்திய ஒறுத்தல் நாட்கள்) தொடங்கிவிட்டது. அந்த நாட்களில் ஒருவர் மீனை விடுவார், ஒருவர் வெற்றிலையை விடுவார். நான் உப்பையும் புளியையும் சேர்த்து விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

"மாதாவுக்கு நேந்துகிட்டேன்" என்று மதலேனிடம் சொன்னேன்.

அவள் சோற்றைப் பிசைந்த கையோடு என்னையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "என் பிள்ளைக்காகவாக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

பாதித் தபசு கழிவதற்குள் வாய் வெந்துவிட்டது. ஈறு வீங்கி, பல் ஆடி, எச்சில் தன்பாட்டுக்கு ஒழுகியது. வாயில் வந்த நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை. கிரந்தி வாய்க்கு ஏறிவிட்டது என்று நினைத்து உருண்டையைக் கூட்டித் தின்றேன். புத்தி கெட்டால் இப்படித்தான் போகும். மதலேன் பயந்துபோய் பங்குச் சாமியாரை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள்.

"தபசு உடம்பைக் கொல்றதுக்கு இல்லம்மா. கஞ்சியில உப்பு போட்டுக் குடி. நான் சொல்றேன், பாவம் இல்ல" என்றார் அவர்.

தலையணைக்கு அடியில் ரச உருண்டைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, சரி சாமி என்று தலையாட்டினேன். நல்ல மனுஷர். அவருக்கும் பொய், தங்கைக்கும் பொய், வைத்தியருக்கும் பொய். எல்லோரும் நான் சொன்ன பொய்க்குச் சரியான யோசனைதான் சொன்னார்கள்.

கடைவாய்ப் பல் ஒன்று கையோடு வந்துவிட்ட வாரம், வெள்ளிக்கிழமையன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தாழ்வாரத்துச் சுவரோரம் நின்றேன். பெஞ்சில் இருந்த ஒரு கார்டுக்காரி நகர்ந்து இடம் விட்டாள்.

"குந்து. யாரும் கடிக்க மாட்டோம். புச்சா?"

"நான் அந்த மாதிரி இல்ல."

"நாங்க மட்டும் பொறக்கும்போதே கார்டோடயா பொறந்தோம்?" என்றாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். இடம் விட்டவளே மேலும் சொன்னாள்: "கார்டு இல்லாத பொம்பளைக்கு இந்தச் சீக்கே வராதுன்னு சர்க்கார்ல முடிவு பண்ணிட்டாங்க போலக்குது. அதான் உன்ன மாதிரி ஆளுக்குத் தனியா நாளே இல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உட்கார்ந்தேன். அங்கே அன்றைக்கு என்னை மனுஷியாக நடத்தியவள் அவள் ஒருத்திதான்.

டாக்டர் நம் ஊர்க்காரர்தான். பிரெஞ்சில் படித்தவர். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"மதாம், யார் குடுத்த மருந்து?"

முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டேன்.

"இது நோய் பண்ண புண் இல்ல. ரசம் பண்ணது. இன்னும் கொஞ்ச நாள் தின்னிருந்தீங்கன்னா பல்லு பூராவும் போயிருக்கும்."

"அப்போ நோய் இல்லீங்களா?"

"அத எப்படிச் சொல்றது? நீங்கதான் கெடுத்து வெச்சுட்டீங்களே."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தமட்டில் எழுதுகிறேன். ரசம் இந்த நோய்க்கு அரைகுறை மருந்து. நோய் இருந்தால் அதைத் தீர்க்காமல் அமுக்கிவைக்கும். வரவேண்டிய புண் வராது. ரத்தச் சோதனையிலும் (கையிலிருந்து ரத்தம் எடுத்து நோயின் தடயம் உண்டா என்று பார்ப்பது) பிடிபடாமல் ஏமாற்றும். ஆகவே மருந்தை நிறுத்தி, சில மாதங்கள் போனபிறகுதான் பார்க்க வேண்டும். அதையும் ஒருமுறை பார்த்தால் போதாது.

"இந்த நெறி?"

"கால் புண்ணால இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

எதைக் கேட்டாலும் லாம், லாம். அவனுக்குப் போட்ட ஊசியை எனக்கும் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அதுவும் ஒரு விஷம்தான், இருக்கிறதா என்றே தெரியாத நோய்க்குப் போட மாட்டேன் என்றார்.

"வீட்டுல பச்சப்பிள்ள பிறக்கப்போவுதுங்க."

"எச்சரிக்கையா இருங்க. முத்தம் வேணாம்."

"தூக்கலாங்களா?"

அதற்குள் அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எச்சரிக்கை என்றால் எவ்வளவு எச்சரிக்கை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெரியாததால் முழு எச்சரிக்கையாக இருந்துவிட்டேன்.

பாஸ்கு முடிந்து பெண் குழந்தை பிறந்தது. வந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் முத்தினார்கள். நான் வெந்நீர் போட்டேன், துணி அலசினேன், அரிசி புடைத்தேன். பிள்ளை இருந்த அறைக்குள் மட்டும் போகவில்லை. போனாலும் கதவோரம் நின்றேன். ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தபோது, என்னால் ஏந்த முடியாது, உன் நாத்தனாரையே ஞானத்தாயாக வைத்துக்கொள் என்றேன்.

மதலேன் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா? என் பிள்ளைக்காக உப்புத் தள்ளினவ நீ. பிறந்தப்புறம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குற."

"உடம்பு சரியில்ல."

"எல்லா வேலையும் செய்யிற. என் பிள்ளையைத் தொடுறதுக்கு மட்டும் உடம்பு சரியில்லையா? உனக்குப் பொறாமைன்னு என் நாத்தனார் சொல்றாங்க. இல்லவே இல்லன்னு நான் அவங்களோட சண்டை போட்டேன்."

இல்லை என்று நான் சொல்வதற்காக அவள் காத்திருந்தாள். இல்லை என்றால், பின்னே ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். "அப்படியே வெச்சுக்கோ" என்றேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஞானஸ்நானத்தன்று அவள் நாத்தனார் பிள்ளையை ஏந்தினாள். ஞானத்தாய் ஒருதரம் அமைந்தால் அமைந்ததுதான், பிறகு மாற்ற முடியாது.

ஆகஸ்ட் மாதத்து மாதா திருநாள் கழித்து முதல் சோதனை. இல்லை என்று வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மறுபடி. அதிலும் இல்லை. "போயிட்டு வாங்க மதாம். சுத்தம்" என்றார் டாக்டர். அவ்வளவுதானா என்று கேட்டேன். வேறென்ன வேண்டும் என்றார். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, ஆத்திரம். நோய் வரவே இல்லையா, வந்து போனதா என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷம் போயிருந்தது.

வீட்டுக்கு வந்து, தூளியில் கிடந்த குழந்தையை முதல்முறையாக அள்ளி எடுத்து முத்தினேன். மதலேன் அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல்காரன், உருண்டை, வெள்ளிக்கிழமை, ரத்தம், எதையும் விடவில்லை. கடைசிவரை கேட்டாள். பிறகு என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், நான் முத்திய கன்னத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"சுத்தம்னு சொல்லிட்டாரு, மதலேன்."

"சரிக்கா" என்றாள். அழுதுகொண்டே மறுபடியும் சோப்புப் போட்டாள்.

இப்படி ஒரு பயம் உங்களுக்கு வந்தால் அந்தப் பெஞ்சில் போய் உட்காருங்கள். பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். தெரியாத உருண்டையைத் தின்னாதீர்கள். டாக்டர் எச்சரிக்கை என்றால், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று சட்டையைப் பிடித்தாவது கேளுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். எனக்குச் சொல்லத் தைரியம் வந்தபோது, அவளுக்குக் கேட்கும் பக்குவம் போய்விட்டிருந்தது.

அந்தப் பெண் குழந்தை இப்போது ஓடியாடுகிறாள். மதலேனுக்கு அடுத்ததும் பிறந்துவிட்டது, இரண்டையும் என்னிடம் விட்டுவிட்டுத்தான் கடைக்குப் போகிறாள். கிணற்றடியைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

போன வாரம் மூத்தவள் ஒரு கமர்கட்டைக் கொண்டுவந்து, "பெரிம்மா, ரெண்டாக் கடிச்சுக் குடு" என்றாள். நான் அதை முந்தானையில் சுற்றி, காக்காய்க் கடியாகக் கடிக்கப் போனேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதலேன் நிமிர்ந்து பார்த்தாள். "பல்லால கடிச்சுக் குடேன்க்கா. நம்ம பிள்ளைதானே, எச்சி என்னா எச்சி?"

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. மறந்துவிட்டாளா, மறக்கச் சொல்கிறாளா, தெரியவில்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளுக்கு அந்த வருஷம் முடிந்துவிட்டது. நான் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறேன், டாக்டர் சுத்தம் என்று சொன்ன இந்த உடம்போடு.

துணியை விலக்கிவிட்டு வாயைத் திறந்தேன். முடியவில்லை. மறுபடி சுற்றிக்கொண்டு கடித்தேன். கமர்கட்டு உடைந்தது. துணியைப் பிரித்து, உள்பக்கம் ஈரம் ஊறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இரண்டு துண்டையும் குழந்தை கையில் வைத்தேன்.