மண் வாளிக்கு நான் பொறுப்பு

எனக்கு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த பதவி, ஒரு வாளி மண்ணுக்குக் காவல் இருப்பது. அப்போது நாலாம் வகுப்பு. வகுப்பில் மானிட்டர் ஆகவேண்டும் என்று இரண்டு வருடமாகக் கை தூக்கியும் டீச்சர் கண்ணில் நான் படவே இல்லை. கடைசியில் எங்கள் ஷேருவின் வயிற்றில் வந்த கட்டிதான் எனக்கு ஒரு பதவி வாங்கிக் கொடுத்தது. சிரிக்காதீர்கள். அந்த வயதில் பதவி என்றால் பதவிதான்.

ஷேரு எங்கள் கடை நாய். புனேயில் கோந்த்வா பக்கம் வாப்பா பழைய கதவு, ஜன்னல் வியாபாரம் செய்கிறார். பேட்டைகளில் நடுமுற்றம் வைத்த பழைய வாடா வீடுகளை இடிக்கும்போது அந்தத் தேக்குக் கதவுகளையும் நிலைகளையும் மொத்தமாக வாங்கி வந்து, இழைத்துச் சீராக்கி, புது பங்களா கட்டுகிறவர்களுக்கு விற்பார். கடை என்று பேர்தான், தகரக் கூரை போட்ட ஒரு பெரிய முற்றம். எதிர்ச் சாரியில் மாடியில் எங்கள் வீடு. சாய்த்து வைத்த கதவுகளுக்கு நடுவே செம்பட்டை நிறத்தில், ஒரு காது மடங்கி, எப்போதும் யாரையோ சந்தேகப்பட்டபடி படுத்திருக்கும் ஷேரு.

நாங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் முறைப்படி காவலுக்கு நாய் வைத்துக்கொள்ளலாம், வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது. அதன் ஈரம் மேலே பட்டால் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். அதனால் வாப்பா ஷேருவைத் தொட்டதே கிடையாது. உம்மா இன்னும் ஒரு படி மேலே. கடை வாசலைத் தாண்டும்போதே புர்காவின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். "அத வீட்டுப் பக்கம் அண்ட விட்றாதீக. மலக்குமார் வர்ற வீடு" என்பாள். மலக்குமார் என்றால் வானவர்கள், நாய் இருக்கிற வீட்டுக்குள் நுழைய மாட்டார்களாம்.

ஆனால் வாப்பாவுக்கு ஷேருவிடம் ஒரு கடன் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆ தொழுகைக்கும் மற்றவர்கள் சாப்பாட்டுக்கும் போயிருந்தபோது கடையின் மரத்தூள் குவியலில் தீப் பிடித்துக்கொண்டது. ஷேரு குரைத்துப் பார்த்து, ஒருவரும் வராமல் போகவே, தெருமுனை டீக்கடைக்காரரின் பைஜாமாவைக் கடித்து இழுத்து வந்திருக்கிறது. பைஜாமா போனது, கடை பிழைத்தது. மறுநாளிலிருந்து காலையில் கடை திறந்ததும் வாப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட் வெளியே வந்தது. அதையும் எட்ட நின்றுதான் போடுவார்.

கட்டியை முதலில் பார்த்தது காகா. காகா என்பது கடையில் வெகுகாலமாக வேலை பார்த்த மராத்தித் தச்சர். கதவு ஏற்றும் டெம்போவில் ஷேருவை ஏற்றிக்கொண்டு மிருக டாக்டரிடம் போனோம். நானும் அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டேன். டாக்டர் அமுக்கிப் பார்த்தார், ஊசியால் குத்தி எடுத்துச் சோதித்தார், இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனால், புற்றுநோய் என்றார். வயதாகிவிட்டது, ஆபரேஷன் தாங்காது, வலி வராமல் ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடுவதுதான் நல்லது, மனசு வராவிட்டால் வலிக்கு மாத்திரை எழுதித் தருகிறேன், அதிகம் போனால் ஒரு மாதம் என்றார். எல்லாம் பொறுமையாக, ஹிந்தியில்.

வாப்பாவுக்குக் கோபம் வந்தால் தமிழ் மட்டும்தான் வரும். "என் கடையக் காப்பாத்துன உசுரு. கொல்லக் குடுக்கவா கூட்டியாந்தேன்?" என்று டாக்டரைப் பார்த்துக் கத்தினார். டாக்டர் ஒன்றும் புரியாமல் மாத்திரைச் சீட்டை நீட்டினார். வாப்பா அதைக் கசக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, உம்மா, காகா, எல்லோர் முன்னாலும் சபதமே போட்டார். "இனி அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். நானே கொணமாக்கிக் காட்டுறேன்."

அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்த வைத்தியங்களைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முதலில் கேம்ப் பக்கம் ஒரு சந்தில் இருந்த ஹக்கீம், யூனானி வைத்தியர். அவர் மனிதர்களுக்கு மட்டும் பார்க்கிறவர். நோயாளி எங்கே என்று கேட்டார், டெம்போவில் இருப்பதாக வாப்பா சொன்னார். ஹக்கீம் வெளியே வந்து ஷேருவைப் பார்த்தார், ஷேரு அவரைப் பார்த்தது. நாடி பிடிக்க இருவருக்குமே விருப்பமில்லை. கருஞ்சீரகமும் தேனும் சேர்த்து ஒரு லேகியமும், கட்டியின் மேல் பூச ஒரு பச்சைக் களிம்பும் கொடுத்தனுப்பினார்.

பிறகு பக்கத்து பில்டிங் பேங்க் மாமி. மாமியிடம் ஹோமியோபதி புத்தகம் ஒன்றும், வெள்ளை உருண்டைகள் நிறைந்த ஒரு பெட்டியும் உண்டு. மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்து நின்று, வாப்பாவிடம் கேள்வி கேட்டாள். "கார்த்தால எழுந்துக்கறச்சே சிடுசிடுன்னு இருக்குமோ? தித்திப்பு பிடிக்குமோ? தனியா இருந்தா அழுமோ?" வாப்பா ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னதைப் பார்க்க வேண்டுமே! வேளைக்கு நாலு உருண்டை என்று முடிவானது.

மூன்றாவதாக என் மாமா, உம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இந்த நோய்க்கு இனிப்பு ஆகாது என்று இன்டர்நெட்டில் படித்துவிட்டு வந்து ஷேருவின் பிஸ்கட்டை நிறுத்திவிட்டார். அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லேப்டாப்பைத் தூக்கி வந்து, செல்களைச் சரிசெய்யும் இசை என்று ஏதோ ஒரு ரீங்காரத்தைப் போட்டுவிடுவார். ஷேரு தூங்கிவிடும். "பாத்தீகளா மச்சான், கேக்குது" என்பார் மாமா.

களிம்பு பூசும் வேலையை வாப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. முதல் நாள், அத்தனை வருடம் எட்ட நின்று பிஸ்கட் போட்ட மனிதர், கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு ஷேருவின் அருகே உட்கார்ந்தார். கட்டியின் மேல் பூசினார், லேகியத்தை நாக்கில் தடவினார். ஷேரு அவர் மணிக்கட்டு வரை நக்கி வைத்தது. வாப்பா எழுந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு குழாயடிக்கு வந்து, "ஏ புள்ள, மண்ணு கொண்டா" என்றார். அந்த நிமிடம் எனக்குப் பதவி வந்தது.

நான் சும்மா மண் கொடுக்கிற ஆளா? காலிப் பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன். உம்மாவின் மாவுச் சல்லடையை எடுத்து வந்து மண்ணைச் சலித்தேன், அதற்கு முதுகில் ஒன்று வாங்கினேன். காலையிலும் மாலையிலும் வாப்பா கை நீட்ட, நான் ஒரு பிடி மண் போட்டு, குவளையால் தண்ணீர் ஊற்றியபடி உரக்க எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷிலும் மராத்தியிலும் எண்ணி எண்ணித் தமிழ் எண்கள் மறந்துகொண்டிருந்த எனக்கு ஏழு வரைக்கும் தடுமாற்றமே இல்லாமல் போனது. இடையில் யாராவது பேசினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். வாப்பா பேசாமல் கையை நீட்டியபடி நிற்பார். கடையில் எல்லோரையும் அதட்டுகிற மனிதர் என் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டு நின்றால் எனக்குத் தலை கால் புரியுமா?

முதல் பத்து நாள் ஷேரு கிடந்த கிடைதான். முனகல் எதிர்ச் சாரியில் எங்கள் மாடி வரை கேட்கும். உம்மா ஜன்னலைச் சாத்துவாள். அதன்பிறகு, அல்லாஹ் மேல் ஆணை, ஷேரு எழுந்து நின்றது. மறுநாள் தண்ணீர்த் தொட்டி வரை நடந்தது. ஒரு வாரத்தில் கேட் அருகே போய், புதுப் பைஜாமா போட்டிருந்த டீக்கடைக்காரரைப் பார்த்துக் குரைத்தது. ஹக்கீமின் லேகியம் என்றார் வாப்பா. உருண்டை என்றாள் மாமி. இசை என்றார் மாமா. நான் பள்ளிக்கூடத்தில் ஒரே போடாகப் போட்டேன். எங்க வாப்பா கேன்சரைக் குணப்படுத்துகிறார், நான் அவருக்கு உதவியாள். பெரிய டாக்டர்களே கைவிட்ட கேஸ் என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த வாரம் மதிய இடைவேளையில் என்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர்.

இந்த நேரத்தில்தான் மண் திருடு போனது.

என் வாளிக்குள் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், மாலைப் பிடியை எடுப்பதற்கு முன்பே மண் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. எனக்கு ரத்தம் கொதித்தது. சலித்த மண் ஐயா அது! வாப்பா தொழப் போனால் கடையில் இருப்பது காகா ஒருவர்தான். நேரே போய்க் கேட்டுவிட்டேன். காகா இழைப்புளியை நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மாத்தி கோண் சோரேல், பாளா?" என்றார். மண்ணை யார் திருடுவார்கள் குழந்தை என்று அர்த்தம். ஆனால் சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். திருடனுக்குத்தான் அப்படிச் சிரிப்பு வரும் என்று முடிவு கட்டி, வாப்பாவிடம் போய்ப் புகார் செய்தேன். வாப்பா ரொம்ப நேரம் வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி புள்ள, நான் விசாரிக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலையில் வாளி விளிம்பு வரை நிறைந்திருந்தது. சலிக்காத மண், மரத்தூளும் பொடிக் கல்லும் கலந்து கிடந்தது. காகா பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டார், சலிக்கத்தான் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகும் மண் குறைவதும், மறுநாள் காலையில் நிறைவதுமாகவே இருந்தது. நானும் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

டாக்டர் ஒரு மாதம் என்றார். ஷேரு ஐந்து மாதம் இருந்தது. மழைக்காலம் முடிந்து, காலைக் குளிர் தொடங்கியிருந்த ஒரு நாள், தேக்குக் கதவுகளுக்கு அடியில், முனகாமல், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. நான் கதறிவிட்டேன். காகா குழி வெட்டினார். அப்போதுதான் உம்மா முதல் தடவையாக, என் கண் முன்னால், கடைக்குள் வந்தாள். ஷேருவின் அருகே குந்தி, அதன் வாயோரம் வழிந்திருந்த நுரையை வெறுங்கையால் துடைத்தாள். எனக்கு அழுகையே நின்றுவிட்டது. வாப்பா, "புள்ள, உம்மா கைக்கு ஊத்து" என்றார்.

நான் எண்ணினேன். குரல் உடைந்து உடைந்து வந்தது, ஆனாலும் விடாமல் ஏழு வரை எண்ணினேன். உம்மா மண்ணை வாங்கி, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று மளமளவென்று தேய்த்துக் கழுவினாள். வாப்பாவுக்குக்கூட அந்த லாவகம் வர ஒரு மாதமானது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தே உம்மா பழகிக்கொண்டாளே என்று அந்தத் துக்கத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

இதெல்லாம் நடந்து பதினைந்து வருடம் இருக்கும். போன மாதம், கடையில் இப்போது இருக்கிற நாய்க்குக் காதில் புண் என்று நான் அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். வாப்பாவின் சபதம் வாப்பாவுக்கு, எனக்கென்ன? டாக்டரின் தலை முழுக்க வெளுத்திருந்தது. கதவுக் கடை என்றதும் ஷேருவின் வீடா என்று கேட்டார். எங்கள் உம்மா நலமா என்று விசாரித்தார். உங்களுக்கு எப்படி உம்மாவைத் தெரியும் என்றேன். அந்த வருடம் வாரா வாரம் திங்கட்கிழமை ஷேருவின் வலி மாத்திரைக்கு வருவார்களே, உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்கள், கசங்கிய சீட்டை நீட்டி ஒரே வாக்கியம்தான் சொல்வார்கள் என்று உம்மாவின் ஹிந்தியை அப்படியே சொல்லிக் காட்டினார். "உஸ்கோ தர்த் நஹி ஹோனா, டாக்டர்." அதுக்கு வலிக்கக் கூடாது.

நான் ஸ்கூட்டரை எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை. வாப்பா சாயாவில் பொறை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவர் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். உம்மா என் கையைக் கிள்ளினாள். பிறகு, இனி மறைத்து என்ன என்பதுபோல, வாப்பாவைப் பார்க்காமலே சொன்னாள். "சட்டையத் தொவைக்கையில சீட்டு கெடந்துச்சு. அந்த முனகலக் கேட்டுக்கிட்டு எப்புடி இருக்கச் சொல்ற? அவுக மத்தியானம் லுஹர் தொழப் போற நேரம் பாத்து, ஈரல் துண்டுக்குள்ள வெச்சு வாயில தள்ளி விட்டுட்டு வருவேன். காகாவுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

பழைய பதவியை விடமுடியுமா? "அப்ப என் வாளி மண்ண எடுத்தது நீதானா? எடுத்தா எடுத்தே, நெரப்பும்போது சலிச்சு நெரப்பக் கூடாது?" என்றேன்.

"நான் எங்கடி நெரப்புனேன்? பயந்து பயந்து ஒரு பிடி எடுப்பேன். நீதான் நெரப்பி வெக்கிறேன்னு இருந்தேன்."

இரண்டு பேரும் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தோம். பொறை சாயாவுக்குள் விழுந்துவிட்டது. அவர் அதைக் கரண்டியால் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள் உம்மா.

"மொத இருவது நாள் லேகியந்தான்னு நம்புனேன்" என்றார் வாப்பா. "பொறவு இந்தப் புள்ள வந்து வாளியக் காட்டுச்சு. நாயத் தொட்டுட்டு மண்ணு தேச்சுக் கை கழுவ, என்னைய விட்டா வேற யாரு இருக்கா?"

"அப்ப மீதி நாலு மாசம் எதுக்கு அந்தக் களிம்பப் பூசுனீக?"

"நான் பூசலன்னா நாய் எதுனால நடக்குதுன்னு நாலு பேரு கேப்பாகல்ல? நீ என்ன பதில் சொல்லுவே?" என்றார். "அதோட, அதுக்கும் என் கை பழகிப் போச்சு."

உம்மா எழுந்தாள். வாப்பாவின் கிளாசை எடுத்துக்கொண்டு போய், சாயாவைக் கொட்டிவிட்டு வேறு போட்டுக்கொண்டு வந்தாள். சீனி கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கும் அவருக்கு அன்றைக்கு இரண்டு கரண்டி போட்டிருந்தாள். நான் பார்த்தேன், சொல்லவில்லை.

ஐந்து மாதம் அந்த வாளியைக் காலையும் மாலையும் எட்டிப் பார்த்தவள் நான். மண் குறைந்ததைக் கண்டுபிடித்தேன், நிறைந்ததையும் கண்டுபிடித்தேன், அதில் கல் கிடந்ததைக்கூட விடவில்லை. காகாவைத் திருடன் என்றேன். என் வாப்பா மாதிரி யாருக்கு வாப்பா உண்டு என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். சொன்னது சரிதான். என்ன காரணத்துக்காக என்பதுதான் எனக்கு அப்போது தெரியவில்லை. பக்கத்திலேயே உம்மா இருந்ததும் தெரியவில்லை.