கறி மடிக்கும் தாளில் இலைகள்

வெர்லின் ஸ்டக்கிக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆறடி இரண்டங்குல உயரம். மில்லர்ஸ் ஃபோர்க் ஊரில் இருக்கிற ஒரே மளிகைக் கடையில், கறி வெட்டும் மேடைக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக நிற்கிறவன். ஓஹாயோவில் அந்தப் பக்கத்தில் யார் வீட்டுத் தட்டில் என்ன விழுகிறது என்பது அவனுக்குத் தெரிந்த அளவு பாதிரியாருக்குக்கூடத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், செப்டம்பர் மாதம், குளிர் அறையில் உறைந்த கறிப்பெட்டி ஒன்று சரிந்து அவன் வலது கையின் மூன்று விரல்களை நசுக்கிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. கைப்பயிற்சி கொடுக்க வந்த சின்னப் பெண் அவன் முன்னால் குழந்தைகள் வெட்டுகிற கத்தரிக்கோலையும் நாலு வண்ணத் தாளையும் வைத்தாள். அக்டோபர் பிறந்துவிட்டதால் தாளில் மேப்பிள் இலை வரைந்திருந்தது.

"தினமும் பத்து இலை வெட்டணும்" என்றாள்.

"நான் முழு மாட்டையே அறுத்துத் தொங்கவிடுறவன்மா. எனக்குப் போயி காகித இலையா?"

"மாட்டுல இத்தனை நெளிவு இருக்கா? முதல்ல இதை வெட்டுங்க, பாப்போம்."

முதல் வாரம் வெட்டியதெல்லாம் எலி கடித்த மாதிரி இருந்தது. மூன்றாம் வாரத்தில் முனைகள் முனைகளாக வந்தன. ஐந்தாம் வாரத்தில், கத்தரியை ஒரே பிடியாகப் பிடித்துத் தாளை மட்டும் சுழற்றினால் இலை தானாக வந்து விழும் என்று கண்டுகொண்டான். அன்று பத்தோடு நிறுத்தாமல் நாற்பது வெட்டினான். கிறிஸ்துமஸுக்குள் கை முழுக்கச் சரியாகிவிட்டது. பயிற்சி முடிந்தது என்று அந்தப் பெண் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அந்த விஷயத்தை மட்டும் அவன் மனைவி ஆர்லிஸிடம் சொல்லவில்லை.

அடுத்த வருடம் இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் கத்தரிக்கோலை எடுத்துச் சமையலறை மேஜையில் வைத்தான். "குளிர் ஆரம்பிச்சா விரல் இறுகிடுமாம். வருஷா வருஷம் இந்த சீசன்ல செய்யச் சொல்லியிருக்காங்க" என்றான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஆர்லிஸ், நாள் முழுக்க ஐம்பத்திரண்டு பிள்ளைகளின் பொய்யைக் கண்ணாடியில் பார்த்தே பிடிக்கிறவள், இதை அப்படியே நம்பினாள். அவன் சோர்ந்து வந்த நாட்களில் அவளே விரட்டினாள். "இலை வெட்டினியா? அப்புறம் விரல் மடங்கலைன்னு என்கிட்ட வந்து நிக்காதே."

கத்தரிக்கோலோடு ஒரு நோட்டும் சேர்ந்துகொண்டது. கறி மடிக்கும் தாள் சுருள் தீரும்போது கடைசியில் இரண்டு முழம் மிஞ்சும். அதை மடித்து, கறி கட்டும் நூலால் தைத்து அவனே செய்த நோட்டு. தினமும் ஒரு பக்கம். "இது எதுக்கு?" என்று ஆர்லிஸ் கேட்டபோது, "எழுதிவைக்கச் சொன்னாங்க" என்றான். மருத்துவச் சமாச்சாரம் என்று அவளும் திறந்து பார்க்கவில்லை.

இந்த வருடம் அக்டோபர் இரண்டாம் வாரம், மருந்துக்கடை வரிசையில் ஆர்லிஸுக்கு முன்னால் அந்தப் பயிற்சிப் பெண் நின்றிருந்தாள்.

"வீட்டுக்காரர் கை எப்படி இருக்கு?"

"நீங்க சொன்னபடிதான். ஒரு நாள் விடாம இலை வெட்டுறாரு."

"இன்னுமா? நான் ஆறு வாரத்துக்குத்தானே சொன்னேன்!"

ஆர்லிஸ் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்த சிரிப்பில் நெற்றி ஹாரனில் பட்டு அது வேறு அலறியது. வீட்டுக்கு வந்தபோது வெர்லின் மேஜையில் குனிந்து, ஹாலோவீன் பேய்த் திருவிழாவுக்காகக் கறுப்புத் தாளில் வௌவால் வெட்டிக்கொண்டிருந்தான்.

"பாவம், ரொம்ப வலிக்குதா?" என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"லேசா" என்றான் அவன்.

"வௌவாலும் டாக்டர் சொன்னதா?"

"ம். சிறகு மடிப்பு இருக்குல்ல... சுண்டுவிரலுக்கு நல்லது."

நான்கு நாள் அவள் அவனை அப்படியே ஓடவிட்டாள். பரங்கிக்காயில் முகம் செதுக்கினால் எந்த விரலுக்கு நல்லது, மின்னும் தூளைத் தூவினால் எந்த நரம்புக்கு நல்லது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனும் கூசாமல் பதில் சொன்னான்.

சனிக்கிழமை காலையில், அவன் கொல்லையில் இலை வாரிக்கொண்டிருந்தபோது, அவள் நோட்டைத் திறந்தாள். கேலிக்கு இன்னும் நாலு சரக்கு கிடைக்கும் என்றுதான் திறந்தாள்.

முதல் பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு சிவப்பு இலை. கீழே, "செவ்வாய். மழை. பார்சன்ஸ் வீட்டில் இரட்டைக் குழந்தைகளாம், நாக்குழறச் சொல்லிவிட்டு ஆறு பவுண்டு ஸ்டேக் வாங்கினான்." அடுத்த பக்கத்தில் ஓக் இலையின் நரம்புகள், மெழுகுக் குச்சியால் தேய்த்து எடுத்தது. இன்னொன்றில் கடுகுச் சாந்துப் புட்டியின் மஞ்சள் சீட்டை வெட்டி ஒட்டிய பேருந்து. ஜன்னலில் கோபமாக ஒரு முகம். "ஆர்லிஸ் இன்று பேசவேயில்லை. மூன்றாம் வரிசையில் யாரோ வாந்தி. சூப் வைத்தேன். இரண்டு கிண்ணம் குடித்த பிறகு முகம் பழையபடி வந்தது."

அவள் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். நடுவில் ஒரு பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு பன்றிச் சாப்ஸ், தாளில் வெட்டி ஒட்டியிருந்தது. "மிஸஸ் பிராண்ட் வந்தார். இரண்டு என்று சொல்ல வாயெடுத்து, ஒன்று என்றார். நான் எடை பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்."

லியோட்டா பிராண்டின் கணவர் ஹெர்ஷல் மார்ச் மாதம் இறந்துபோனார். ஊருக்கே அவரைத் தெரியும். பிள்ளைகள் வேஷம் கட்டி வீடுவீடாக மிட்டாய் வாங்க வரும் ஹாலோவீன் இரவில், முப்பது வருடமும், சோளக்கொல்லைப் பொம்மை வேஷத்தில் வீட்டு முகப்பு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். வைக்கோல் அடைத்த பொம்மை என்று நினைத்துப் பிள்ளைகள் மிட்டாய்க் கிண்ணத்தில் கை வைக்கிற நேரம் பார்த்து எழுந்து நிற்பார். அப்போது எழும் கூச்சல் மூன்று தெரு தாண்டிக் கேட்கும்.

கதவு திறந்தது. கை நிறையச் சிவந்த இலைகளோடு வெர்லின் உள்ளே வந்தான். அவள் கையில் நோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அது வந்து... டாக்டர்..."

"உன் டாக்டரைச் செவ்வாய்க்கிழமையே மருந்துக்கடையில பாத்துட்டேன்."

அவன் காது இரண்டும் கையில் இருந்த இலை நிறத்துக்கு வந்தன. "செவ்வாய்க்கிழமையேவா? அப்ப சுண்டுவிரல், நரம்புன்னு கேட்டதெல்லாம்?"

"நீ எதுவரைக்கும் போறேன்னு பாத்தேன். ரொம்ப தூரம் போயிட்டே." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஏன்டா வெர்லின், இதை என்கிட்ட சொன்னா நான் என்ன சிரிக்கவா போறேன்?"

"நாலு நாளா வேற என்ன பண்ணினே?"

 ஆர்லிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.  "பஸ்ஸுல பிள்ளைங்க கேக்குதுங்க. பிராண்ட் வீட்டுப் பொம்மை இந்த வருஷம் இருக்குமான்னு. நான் என்ன சொல்ல?"

 வெர்லின் கையிலிருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பழைய டிராக்டர் விலைப்பட்டியலின் பக்கங்களுக்கு நடுவே வைத்தான்.

புதன்கிழமை லியோட்டா கறி மேடைக்கு வந்தபோது, அவன் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான். "மிஸஸ் பிராண்ட், தப்பா நினைக்காதீங்க. ஹாலோவீன் அன்னைக்கு உங்க வீட்டு முகப்புல நான் வந்து உட்காரலாமா?"

லியோட்டா கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த கறியையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு பெண் வண்டியோடு வந்து, காத்திருந்து, வேறு பக்கம் போய்விட்டாள்.

"ஹெர்ஷல் ஒல்லி" என்றார் கடைசியில். "நீ உட்கார்ந்தா நாற்காலி தாங்காது."

"நாற்காலி நானே கொண்டுவர்றேன்."

"அவரோட முகமூடியைத் தர மாட்டேன்."

"வேண்டாங்க. எனக்கு நானே செஞ்சுக்குவேன்."

"நீயா?" அவர் முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். "சரி, அதையும் பார்த்துடுவோம்."

அடுத்த பத்து நாள் அந்தச் சமையலறையில் சமையலைத் தவிர மற்ற எல்லாம் நடந்தது. மாவுப் பசையில் தோய்த்த கறித்தாளை, ஊதிய பலூன் மேல் அடுக்கடுக்காக ஒட்டினான். காய்ந்ததும் பலூனைக் குத்தி, கண்ணையும் வாயையும் வெட்டித் திறந்தான். முதல் முகமூடி முடிந்ததும் ஆர்லிஸ் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அச்சு அசலா எங்க அண்ணன்."

"அதான் பயமா இருக்கு" என்றான் வெர்லின்.

அதைக் குப்பையில் போட்டுவிட்டு இரண்டாவதைத் தொடங்கினான். அதற்குத் தலைமுடி சோளத் தோகை. வாயில் கறி கட்டும் நூலால் குறுக்குத் தையல். கன்னத்தில் தேயிலைத் தண்ணீரில் ஊறிய பழுப்பு. பசை உருக்கும் துப்பாக்கி ஆர்லிஸ் பொறுப்பு. முதல் நாளே விரலைச் சுட்டுக்கொண்டு ஊர் கேட்கக் கத்தினாள்.

"உனக்குக் கைப்பயிற்சி வேணும்" என்றான் அவன்.

"வாயை மூடிக்கிட்டு அந்த வௌவாலை எடு."

வௌவால்கள் மட்டும் அறுபது. அவற்றோடு மெழுகுத் தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்ட நிஜ இலைகளை நூலில் கோத்து ஆறு மாலைகள். முப்பத்தொன்றாம் தேதி மதியமே போய் லியோட்டா வீட்டு முகப்பு முழுக்கக் கட்டினார்கள். லியோட்டா உள்ளிருந்து வந்து பார்த்தார். இடது ஓரத்தில் மாலை தொய்கிறது என்று குறை சொன்னார். பிறகு உள்ளே போய்ச் சூடான ஆப்பிள் சாறு கொண்டுவந்து கொடுத்தார்.

மாலை ஆறு மணிக்கு, மிட்டாய் வாங்கப் போகலாம் என்று தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதியதும் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். வெர்லின் வைக்கோல் அடைத்த கையுறையோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதலில் வந்தது கேரட் வேஷம் போட்ட நாலு வயதுப் பெண். அவன் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பொம்மைம்மா" என்று அறிவித்தாள். அவளைப் பயமுறுத்த அவனுக்கு மனம் வரவில்லை. அவள் தன் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்து ஒரு கும்பல் வந்தது. இரண்டு எலும்புக்கூடு, ஒரு விண்வெளிக்காரன், ஒரு சூனியக்காரி. "இந்த வருஷம் நிஜப் பொம்மைதான், பிராண்ட் தாத்தாதான் செத்துட்டாரே" என்று சூனியக்காரி சொல்லிக்கொண்டே கிண்ணத்தில் கை வைத்தாள். வெர்லின் எழுந்தான். ஆறடி இரண்டங்குலம், வைக்கோல் தொப்பியோடு ஏழடி. கூச்சல் வானத்தைக் கிழித்தது. விண்வெளிக்காரன் படியைத் தொடாமலே புல்வெளிக்குப் பறந்தான். உள்ளே ஜன்னல் திரை அசைந்தது.

எல்லாம் கால் மணி நேரம்தான். பிறகு யாரோ சிறகு கட்டிய ஒரு குட்டை நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். படியேறியதும் அது மூக்கைத் தூக்கியது. இருபத்தாறு வருடம் கறிக்கு நடுவே நின்றவனை எந்தச் சோப்பும் முழுக்கக் கழுவிவிட முடியாது. நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்து, வெர்லினின் கையுறையை நக்கி, பூட்ஸை நக்கி, கடைசியில் அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இறக்கினால் மறுபடி ஏறியது.

"ஏய், அது பொம்மையில்ல! கறிக்கடை வெர்லின்!" என்று தெருவிலிருந்து ஒருவன் கத்தினான்.

அவ்வளவுதான். பிள்ளைகளும் பெற்றோர்களும் முகப்பை மொய்த்துவிட்டார்கள். வெர்லின் வேறு வழியில்லாமல் முகமூடியைக் கழற்றினான். வியர்வையில் தலைமுடி ஒட்டியிருந்தது. "இதை எங்க வாங்கினே வெர்லின்?" என்று ஒரு பெண் கேட்டாள். சின்ன எலும்புக்கூடு வௌவால்களைக் காட்டி, "இதெல்லாம் யார் செஞ்சா?" என்றது.

அவன் முகப்பு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆர்லிஸைப் பார்த்தான். நீயே சொல் என்பதுபோல் அவள் தலையசைத்தாள்.

"நான்தான்" என்றான் வெர்லின். "எல்லாம் நான் வெட்டினதுதான்."

கதவு திறந்து லியோட்டா வெளியே வந்தார். முகம் சிவந்து, கண் நனைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆர்லிஸ் பதறிப்போய் எழுந்தாள். அதற்குள் அவர் சிரிப்பு வெடித்தது.

"முப்பது வருஷத்துல ஹெர்ஷலை ஒருத்தரும் பிடிச்சதில்ல. உன்னை ஒரு நாய் கால் மணி நேரத்துல பிடிச்சிடுச்சே வெர்லின்! அவர் இருந்திருந்தா உன்னை இந்த ஊர்ல தலைநிமிர்ந்து நடக்கவிட்டிருக்க மாட்டார்."

அன்று வந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மிட்டாய் கொடுத்தார். எட்டு மணிச் சங்கு ஊதும்போது கிண்ணமும் காலி, அவர் தொண்டையும் காலி.

அந்த வாரத்திலிருந்து கடையில் கறி மேடைக்கு மேல் ஒரு இலைமாலை தொங்குகிறது. சனிக்கிழமை மதியங்களில் லியோட்டா இவர்கள் வீட்டுக்கு வருகிறார். மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்து மேஜைக்காகப் பைன் காய்களில் வான்கோழிப் பொம்மை செய்துகொண்டிருக்கிறார்கள். லியோட்டா வால் இறகுகளைத் தன் இஷ்டத்துக்குத்தான் ஒட்டுகிறார்.

"இது வான்கோழியா, மழையில நனைஞ்ச காக்காயா?" என்றாள் ஆர்லிஸ் போன வாரம்.

"உன் வேலையைப் பாரு. வெர்லின், அந்தச் சிவப்புத் தாளை இப்படித் தள்ளு. தாடி பெரிசா வெட்டு, இன்னும் பெரிசா. என்னப்பா நீ, கறி வெட்டுறவன் கஞ்சத்தனம் பண்றே?"

வெர்லின் கத்தரியை அசைக்காமல் தாளைச் சுழற்றினான்.