கலாஸ் சொல்கிற வரைக்கும்

ஜெயசீலியின் கோபத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அவள் கோபப்படாமல் வாயை மூடிக்கொண்டிருந்த ஆறு வருஷத்தைச் சொல்லியாக வேண்டும். பம்பாய் சயானில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. கீழ்த்தளத்தில் டேட்டா என்ட்ரி ஹால். பன்னிரண்டு பெண்கள் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதைத் தட்டுகிறோம், யாருக்காகத் தட்டுகிறோம் என்று ஒருத்தியும் கேட்கக் கூடாது. ஒருத்தி தட்டியதையே இன்னொருத்தி மறுபடியும் தட்டுவாள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் கீச்சென்று கத்தும், சூப்பர்வைசர் எட்டிப் பார்ப்பார். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து, முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்து, டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு பத்தொன்பது வயதில் அங்கே போய் உட்கார்ந்தவள் ஜெயசீலி. மணிக்குப் பன்னிரண்டாயிரம் விசை அடிப்பாள். கண்டது கழுத்து வலிதான்.

மேல் மாடியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். சி மொழிப் புத்தகம் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்தாள். மேலே இருப்பவர்கள் டீ குடிக்கப் போகும்போது அவர்களுடைய டெர்மினலில் எழுதிப் பார்த்தாள். எண்பத்தேழாம் வருஷம் தொடக்கத்தில் ஒரு புரோகிராமர் வேலையை விட்டுத் துபாய்க்குப் போனான். அந்த நாற்காலியை ஆறு மாதத்துக்குச் சோதனையாக ஜெயசீலிக்குக் கொடுத்தார் வாலாம்பாள்.

வாலாம்பாள் அந்தக் கம்பெனியின் சிஸ்டம்ஸ் மேனேஜர். மாட்டுங்காக்காரர், கணக்கில் எம்.எஸ்ஸி. கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற எதையும் தொடக் கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. ஜெயசீலியின் எரிச்சலெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

துபாய்க்காரன் விட்டுப்போன புரோகிராம் அப்படி. ஒரு மருந்துக் கம்பெனி, தன் ஆலைகளில் நடக்கும் பரிசோதனை முடிவுகளைத் தினமும் சங்கேதமாக்கிப் பூட்டி அனுப்பும். போட்டிக்காரன் கையில் அகப்பட்டாலும் அவனுக்கு வெறும் குப்பையாகத்தான் தெரியும். இங்கே எட்டு எட்டு பைட்டாக எடுத்துப் பூட்டைத் திறந்தால்தான் படிக்க முடியும். எட்டில் ஒன்று தப்பினால் வரிசை நழுவி, அதற்குப் பிறகு வருவது முழுக்கக் குப்பை. தாணா ஆலையிலிருந்து ஃபிளாப்பி வரும். துபாய்க்காரன் என்ன செய்திருந்தான் என்றால், பூட்டைத் திறக்கிற வேலைக்கு நடுவிலேயே ஃபிளாப்பியைப் படிக்கிற வேலையையும் போட்டுப் பிசைந்து வைத்திருந்தான். பிறகு பரோடாவிலிருந்து டேப் வர ஆரம்பித்ததும், அந்த முழுப் புரோகிராமையும் காப்பி எடுத்து, ஃபிளாப்பி இருந்த இடத்தில் டேப்பை நுழைத்துவிட்டான். ஒரே பூட்டுக்கு இரண்டு புரோகிராம். ஒன்றில் தப்பைத் திருத்தினால் மற்றதிலும் திருத்த வேண்டும். அதை மறந்துவிட்டு வாலாம்பாளிடம் திட்டு வாங்குவது யார்? ஜெயசீலி.

ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை வாலாம்பாள் கூப்பிட்டார்.

"பூனா ஆலையிலேர்ந்து இனிமே ஃபோன்லயே வரப்போறது. மோடம் வந்தாச்சு. சனிக்கிழமை அவா சீஃப் கெமிஸ்ட் நேர்லயே வந்து பார்ப்பார். அந்த ஃபிளாப்பி புரோகிராமை எடுத்துக்கோ, ஃபிளாப்பி இருக்கற இடத்துல ஃபோனை வை. முடிஞ்சது."

"மேடம், அப்ப மூணு காப்பி ஆயிரும். பூட்டு ஒண்ணுதானே? அதை மட்டும் தனியாப் பிரிச்சு வச்சுட்டா, சரக்கு எங்க இருந்து வந்தாலும் அதுக்குக் கவலையில்ல. ஃபிளாப்பியோ, ஃபோனோ, எட்டு குடுன்னு கேக்கும், வாங்கிக்கும்."

"ஓடிண்டிருக்கறதை ஏன் தொடறே? காப்பி பண்ணுன்னா பண்ணேன்!"

சரி மேடம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். காப்பி பண்ணினாளா? இல்லை. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, பூட்டைத் திறக்கிற பகுதியைத் தனியே பிரித்தெடுத்தாள். அதற்கு வெளியுலகம் ஒன்றும் தெரியாது. எட்டு கொடு என்று கேட்கும், அவ்வளவுதான். ஃபிளாப்பிக்கு ஒரு சின்னத் துண்டு, டேப்புக்கு ஒன்று, ஃபோனுக்கு ஒன்று. எங்கிருந்து எப்படி எடுப்பது என்பது அந்தத் துண்டுகளின் பாடு. ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்தாள், ஓடியது. டேப்பும் ஓடியது. அவளுக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

வியாழக்கிழமை ஃபோன். மோடத்தைப் பார்த்துக்கொள்பவர் கரீம் பாட்சா, தாராவியிலிருந்து வருபவர். ஜெயசீலி வீட்டாரைப் போலவே அவருக்கும் சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம்தான். பதினேழாவது தடவை பூனா லைன் கிடைத்தது. திரையில் நாலு வரி அழகாக வந்தது. அதற்குப் பிறகு குப்பை. மறுபடி போட்டால் ஒன்பது வரி, பிறகு குப்பை. அடுத்த தடவை இரண்டே வரி.

"பாட்சாண்ணே, உங்க மோடம்தான் கோளாறு."

"என் மோடத்தை ஏன் வையுத தங்கச்சி? அந்தப் பக்கம் அனுப்பினது அம்புட்டும் இந்தப் பக்கம் வந்திருக்கு. எண்ணிப் பாத்துட்டேன். ஒண்ணுகூடக் குறையல."

பின்னால் வாலாம்பாள் நின்றுகொண்டிருந்தார். காப்பி எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று.

"சொன்னதைக் கேக்கமாட்டே, இல்லையா? நன்னா ஓடிண்டிருந்ததைப் பிரிச்சுப் போட்டாச்சு. சனிக்கிழமை அவர் முன்னாடி ஓடலைன்னா, திங்கட்கிழமை கீழே உன் பழைய சீட்டுக்குப் போயிடு. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

கீழேயா? மறுபடியும் அந்த ஹாலா? ஒரு சொல்லும் யோசிக்காமல் விரலை மட்டும் வாடகைக்கு விடுகிற அந்த வேலையா? செத்தாலும் போகமாட்டேன் என்று மனசுக்குள் கத்தினாள். வாயில் "சரி மேடம்" என்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை அம்மா லூசியம்மாளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நேரம் பார்த்துத்தானே இதெல்லாம் வரும்! குழாயடிக்கு ஜெயசீலி போக வேண்டியதாயிற்று. பத்து வீட்டுக்கு ஒரு குழாய். அங்கே ஒரு சட்டம் உண்டு. குழாய்க்கடியில் குடம் இருக்கும் வரைக்கும் அது உன் முறை. எடுத்துவிட்டாயானால், நிறைந்ததோ நிறையவில்லையோ, முறை முடிந்தது. குழாய் நடுநடுவே இருமும், நிற்கும், காற்றை ஊதும், மறுபடி வரும். உண்மையிலேயே தண்ணீர் போய்விட்டதா என்பதைச் சொல்ல சைனப் அக்கா இருந்தாள். பெரிய பைப் அவள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் வருகிறது. அதில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். அதிர்வு அடங்கியிருந்தால் "கலாஸ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள்; பம்பாய் இந்தியில், தீர்ந்தது என்று அர்த்தம். அந்தக் குரல் வரும் வரைக்கும் ஒருத்தியும் குடத்தை அசைக்கமாட்டாள்.

ஜெயசீலியின் தலைக்குள் பூனா ஓடிக்கொண்டிருந்தது. குடம் பாதிக்கு மேல் நிறைந்தபோது குழாய் நின்றது. குடத்தைத் தூக்கிவிட்டாள். அடுத்த கணம் இன்னொருத்தியின் குடம் அங்கே உட்கார்ந்தது. அதற்கு அடுத்த கணம் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

இடுப்பைப் பிடித்தபடி வாசலில் நின்ற லூசியம்மாளுக்கு வந்ததே ஆத்திரம்!

"ஏட்டி, குடத்த எதுக்குட்டி எடுத்த?"

"தண்ணி நின்னுட்டும்மா."

"நின்னா? போயிட்டுன்னு எவ சொன்னா? சைனப் கலாஸ் சொன்னாளா? இருவத்தஞ்சு வருஷமா இந்தக் குழாயிலதான தண்ணி குடிக்க? அரைக் குடத்த வச்சுக்கிட்டு இன்னைக்கு எதப் பொங்க? படிச்ச மூதி!"

வரிசையே சிரித்தது. ஜெயசீலிக்கு அழுகை முட்டியது. அம்மா மேல், குழாய் மேல், வாலாம்பாள் மேல், பூனா மேல் எல்லாம் சேர்த்து ஒரு கோபம். அரைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலடி நடந்தவள் அப்படியே நின்றாள்.

எட்டுக் கேட்டோம். ஃபிளாப்பி எப்போதும் எட்டுத்தான் தரும். எட்டுக்குக் குறைந்தால் ஃபிளாப்பி தீர்ந்தது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்திலேயே ஃபோனையும் எழுதிவிட்டோம். ஃபோன் ஐந்து தரும், கொஞ்சம் நிற்கும், பிறகு மூன்று தரும். ஐந்து வந்ததுமே தீர்ந்தது என்று முடிவு கட்டி, காலி இடத்தில் பூஜ்யத்தைப் போட்டு நிரப்பி, பூட்டுக்குள் தள்ளியிருக்கிறோம். லைன் இன்னும் திறந்தே இருந்ததால் பின்னால் வந்த மூன்று, அடுத்த எட்டின் தலையில் போய் உட்கார்ந்து வரிசையைக் கெடுத்திருக்கிறது. பாட்சாண்ணன் மோடத்தில் ஒரு கோளாறும் இல்லை. குடத்தைத் தூக்கியது நான்தான். அட மூதி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று முழுக்கத் திருத்தினாள். இனி ஒவ்வொரு துண்டும் மூன்று விதமாகத்தான் பதில் சொல்லும். இந்தா இவ்வளவு, அல்லது இப்போது இல்லை பொறு, அல்லது கலாஸ். எட்டு சேரும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், கலாஸ் வந்தால்தான் நிறுத்த வேண்டும். அந்தக் கடைசிப் பதிலுக்கு ஆங்கில எழுத்தில் கலாஸ் என்றே பெயர் வைத்தாள். சாயங்காலம் ஃபோனில் போட்டுப் பார்த்தபோது அறுபது வரியும் சுத்தமாக வந்தது. கரீம் பாட்சா மோடத்தைத் தட்டிக்கொடுத்தார்.

சனிக்கிழமை பேய் மழை. பூனாவிலிருந்து வந்த சீஃப் கெமிஸ்ட் கோட்டைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒத்துப் பார்ப்பதற்காக, பூனாவிலிருந்து வரவேண்டிய முடிவுகளின் நகல் அவர் பையில் இருந்தது. கரீம் பாட்சா ரிசீவரைக் காதில் வைத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"மேடம், லைன் செத்துட்டு. நம்ம லைன் மட்டுமில்ல, ரோடு பூராவும் இல்ல."

நல்ல கூத்து! மூன்று நாள் தூக்கம் கெட்டு எழுதினால், ஃபோனே இல்லை. வாலாம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜெயசீலியைப் பார்த்தார். லைன் செத்ததும் அவள் குற்றம்தான் என்பது போன்ற பார்வை. கெமிஸ்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"டெலக்ஸ் இருக்கா பாட்சாண்ணே?" என்றாள் ஜெயசீலி.

"அது தனி லைனு. இருக்கு. அதுல வெறும் எழுத்தும் நம்பரும்தான் வரும், இது எப்படி வரும்?"

"பூட்டின பைட் ஒவ்வொண்ணையும் மூணு இலக்க நம்பராப் போட்டுக் காட்டற கமாண்டு பூனா மெஷின்லயும் இருக்கு. அந்த நம்பரை அப்படியே டெலக்ஸ்ல அடிச்சு அனுப்பச் சொல்லுங்க. சின்ன ரிப்போர்ட்டா இருக்கட்டும். நான் கையால உள்ள போடுதேன்."

கரீம் பாட்சா டெலக்ஸ் அறைக்கு ஓடினார். காகிதம் வந்துசேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஜெயசீலி விசைப்பலகைக்காக ஒரு துண்டு எழுதினாள். இருபது வரிதான். மூன்று இலக்கம் வந்தால் ஒரு பைட், விரல் நின்றால் பொறு, கடைசியில் ஒரு விசை கலாஸ். பூட்டைத் திறக்கிற பகுதியில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

நானூற்று எண்பது எண்கள். கீழே ஹாலாக இருந்தால் இன்னொருத்தி மறுபடி தட்டிச் சரிபார்ப்பாள். இங்கே யாரும் இல்லை, ஒன்று தப்பினாலும் போச்சு. எந்த ஹாலுக்குப் போகமாட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டதோ, அந்த ஹாலில் பழகிய விரலை வைத்துத்தான் தட்ட ஆரம்பித்தாள். திரையைப் பார்க்கவில்லை. காகிதத்தைத் திருப்பும்போது விரல் நின்றது. புரோகிராமும் குடத்தை எடுக்காமல் காத்திருந்தது. கடைசி விசையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். கெமிஸ்ட் பையிலிருந்த நகலை எடுத்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்து, பேனாவால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரியில் பேனாவை மூடினார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஃபோனே இல்லாம ஃபோன் புரோகிராம் ஓடறது இப்பத்தான் பாக்கறேன்."

அவர் போன பிறகு வாலாம்பாள் முகத்தில் ஆறு மாதத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"பரவாயில்லையேடி! லைன் என்னிக்குச் சரியாகுமோ தெரியாது. அதுவரைக்கும் தினம் டெலக்ஸ்லயே வரட்டும். கார்த்தாலே கீழே உக்காந்து நீயே அடிச்சுடு. இந்த வேகம் வேற யாருக்கு வரும்?"

ஜெயசீலிக்கு உச்சந்தலை வரைக்கும் சுரீரென்றது. ஓடாவிட்டாலும் கீழே, ஓடினாலும் கீழேயா? ஆறு மாதமாகச் சொல்லிப் பழகிய "சரி மேடம்" நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்தத் தடவை அதை வெளியே விடவில்லை.

"மேடம், அந்தப் புரோகிராமுக்கு என்னைத் தெரியாது."

"என்னது?"

"ஃபோனும் தெரியாது, ஃபிளாப்பியும் தெரியாது, ஜெயசீலியையும் தெரியாது. அப்படித்தான் எழுதியிருக்கேன். நம்பர் சரியா வந்தாப் போதும். கீழ ஹால்ல இருக்கற பேகம் அடிச்சாலும் திறக்கும். நீங்க அடிச்சாலும் திறக்கும். அதுக்கு என் விரல் வேண்டாம்."

கரீம் பாட்சா மோடத்துக்குப் பின்னால் வயரைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். வாலாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினார்.

"அப்போ அந்தப் பழைய ரெண்டு காப்பி எதுக்கு இருக்கு?"

"எதுக்கும் இல்ல மேடம். அழிக்கணும்."

"திங்கட்கிழமை அழி," என்றார் வாலாம்பாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "இங்கேயே, உன் சீட்ல உக்காந்து அழி."