பதினொரு ரோபோக்களும் ஒரு கரைவலையும்

1. டிரக்டர் போனது

ரோபோக்கள் கடலிலிருந்து ஏறி வந்த அன்று எனக்கு முதலில் கோபம் வந்தது என் டிரக்டர் மேல்தான். முல்லைத்தீவுக் கரையில், எங்கள் சம்மாட்டியின் வாடியில், அதாவது கரையோர மீன்பிடிக் கொட்டிலில், பன்னிரண்டு வருடம் நான் ஓட்டிய மிசின் அது. சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர், எங்கள் முதலாளி. கரைவலையைக் கடலில் வளைத்துவிட்டு இரண்டு பக்கக் கயிற்றாலும் கரைக்கு இழுப்போம், அதற்கான வின்ச்சை அந்த டிரக்டரில்தான் பூட்டியிருந்தோம். இரண்டாள் உயரத்தில் ஒரு ரோபோ வந்து அதன் முன்மூடியில் விரலை வைத்தது. டிரக்டர் தானாக ஸ்டார்ட் எடுத்து, என்னைத் திரும்பியும் பாராமல் அதன் பின்னால் போய்விட்டது. நன்றி கெட்ட மிசின்.

போட் எஞ்சின்கள், போன்கள் எல்லாம் அப்படியே போயின. பத்து ரோபோக்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றன. ஒன்று மட்டும் எங்களுக்குக் காவலாகக் கரையில் நின்று, வானொலிச் செய்தி வாசிப்பது போல அறிவித்தது. "இக்கரையை நாம் பொறுப்பேற்கிறோம். மாலை ஆறு மணிக்குள் அனைவரும் வெளியேறவும்."

நான் வீட்டுக்கு ஓடி, சாமான்களை அடுக்கச் சொன்னேன். மனைவி கதிரையில் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தினை தரமப்பா ஊரைவிட்டு எழும்புறது? இந்த முறை நான் எழும்பமாட்டன். வேணுமெண்டால் கதிரையோட தூக்கிக்கொண்டு போங்கோ."

எனக்கு அழுகை வந்தது. நான் தனியாகவே மூட்டை கட்டத் தொடங்கினேன்.

2. அனிற்றா சொன்னது

என் மகள் அனிற்றாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தம்பி டிலக்சன் அவளைவிட இரண்டு வயது இளையவன். இருவரும் கரையில் நின்று ரோபோக்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"அப்பா, உவை எங்கட சைக்கிளைத் தொடேல்லை. கவனிச்சனீங்களே?" என்றாள் அனிற்றா.

"இப்ப சைக்கிள் கதையே முக்கியம்?"

"எஞ்சினோ பற்றறியோ இல்லாத ஒண்டையும் உவை கணக்கெடுக்கேல்லை. தோணியைத் தண்டு வலிச்சுக்கொண்டு போய், உவைக்குப் பின்பக்கத்தால வலையை வளைச்சு, கையால இழுத்தால் என்ன? வலைக்குள்ள சுத்துப்பட்டால் விரலை நீட்ட ஏலாது."

மூளையில்லாமல் விசர்க்கதை கதைக்காதே என்றேன். அவள் என்னை விட்டுவிட்டு நேரே சம்மாட்டியிடம் போனாள்.

"மீன் பிடிக்கிற வலையில இரும்பையோ பிள்ளை பிடிக்கப்போறாய்?" என்றார் அவர். "வலை கிழிஞ்சால்?"

"கரையே போகப்போகுது மாமா. வலையை வைச்சு என்ன செய்யப்போறியள்?"

சம்மாட்டி தலையைச் சொறிந்தார். "ஓம், அதுகும் சரிதான்."

3. கயிறு

வலையின் ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டு, டிலக்சனும் வேறு நான்கு பேரும் தோணியில் போனார்கள். ரோபோக்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் என் பிள்ளை வலையை இறக்கிக்கொண்டு போகிறான். அவையோ கரைப்பக்கம் பார்த்தபடியே நின்றன. தோணி கரைக்கு வந்து மற்றக் கயிற்றையும் தந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு கயிற்றிலும் ஊரே நின்று இழுத்தது. வின்ச் வந்த பிறகு கையால் இழுப்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம், வலை ஒரு முழம்கூட அசையவில்லை. மணி ஐந்தரை. அப்போது கரையில் நின்ற ரோபோ எங்களிடம் வந்தது.

"என்ன செய்கிறீர்கள்?"

அனிற்றா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பார்த்துக்கொண்டு நிக்காமல் கயிற்றைப் பிடியுங்கோ."

எங்கள் கரையில் வேடிக்கை பார்க்க வருகிற எவருக்கும் நாங்கள் சொல்வது இதைத்தான். கோயில் சுவாமியாருக்கும் சொல்வோம், வங்கி மனேச்சருக்கும் சொல்வோம். பழக்கதோஷத்தில் அவள் வாயில் அதுவே வந்துவிட்டது.

ரோபோ கயிற்றைப் பிடித்தது. ஒரே இழுவை. அதன் கூட்டாளிகள் பத்தும் வலையோடு கரையில் வந்து குந்தின, அவற்றின் மடி நிறையச் சாளை மீன் துள்ளியது. ஊர் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சம்மாட்டி வழக்கம்போல மீனைக் குவியல் குவியலாகப் பங்கு போட்டார். ரோபோவுக்கும் ஒரு குவியல் வைத்தார்.

"அண்ணை, உது எங்களைக் கலைக்க வந்தது" என்றேன்.

"கலைக்க வந்ததோ என்னவோ, கயிறு பிடிச்சதெல்லே? பிடிச்சவைக்குப் பங்கு குடுக்கிறதுதானே வழக்கம்."

"இது எதற்கு?" என்று ரோபோ கேட்டது.

"உங்கட பங்கு" என்றாள் அனிற்றா.

அது குனிந்து மீன்களை ஒவ்வொன்றாக எண்ணியது. பிறகு அறிவித்தது. "பங்காளிகளை வெளியேற்ற எமது விதியில் இடமில்லை. உத்தரவு ரத்து செய்யப்படுகிறது."

என் டிரக்டர் வாடிக்குத் திரும்பி வந்தது. நான் இரண்டு நாள் அதற்கு முகம் கொடுக்கவில்லை.

வலையைக் கழற்றிவிட்டதும் பத்து ரோபோக்களும் எழும்பின. கயிறு பிடித்த ரோபோ சம்மாட்டியிடம் குனிந்து கேட்டது. "நாளை எத்தனை மணிக்கு?"

சம்மாட்டி என்னைப் பார்த்தார். நான் அனிற்றாவைப் பார்த்தேன்.

"விடிய அஞ்சு மணி" என்றாள் அவள். "பிந்தினால் பங்கில்லை."

அன்று மூட்டை கட்டச் சொன்னவன் நான். அதற்குப் பிறகு பிள்ளைகள் ஏதாவது சொன்னால், முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். இத்தனை வருட வேலையில் நான் படித்த பாடம் அதுதான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், ரோபோக்களை எப்படி வென்றீர்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். எங்கே வென்றோம், வேலைக்கல்லவா சேர்த்துக்கொண்டோம். பதினொன்றில் ஒன்றுகூட இன்றுவரை ஒருநாளும் பிந்தியதில்லை.